நான் வாசிக்காமல் விட்ட வரி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். கொட்டாரம் ஊருக்குத் தெற்கே பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடு எத்தனை உண்டோ, அநேகமாக அத்தனை வீட்டுக்கும் இந்த வரியை எழுதிக் கொடுத்தவள் நான்தான். கை தானாக எழுதிவிடும். இன்றைக்கு அதை எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். இது நான்காவது காகிதம் மக்கா. மூன்றைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே இரு என்று எழுதினேன். இரண்டாவதில் ஒன்றும் வேண்டாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று எழுதினேன். மூன்றாவதில் உன் இஷ்டம்போல் செய் என்று எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. பெற்றவளிடம் வழி கேட்கிற பிள்ளைக்கு இதுவா பதில்? வழி தெரியாத கழுதைதான் இப்படி எழுதும். அதனால் இந்தக் காகிதத்தில் வழி சொல்லப்போவதில்லை. வழி எங்கே குழம்பியது, யார் குழப்பியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு உனக்கு ஏதாவது தெளிந்தால் நல்லது. எனக்குத் தெளியவில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சேர்ந்து ஏழு வருஷம் முடியப்போகிறது, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும், இன்னும் சில வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் இருக்கலாம், இல்லையென்றால் ரிசர்வில் பெயரை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். லாரி ஓட்டிக்கொண்டு அங்கேயே இருப்பதா, இங்கே வந்து பஸ் ஓட்டுவதா என்று கேட்டிருக்கிறாய். போதாததற்கு அந்தத் தாளில் வீட்டு விலாசத்துக்குக் கீழே எந்த ராஜ்யம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுத என்றும் கேட்டிருக்கிறாய். அதற்கு எனக்குத் தெரிந்தால்தானே! இன்றைக்குத் திருவிதாங்கூர்-கொச்சி. நவம்பர் முதல் தேதி விடிந்தால் நாம் சென்னை ராஜ்யமாம். வீடு நகரவில்லை, கிணறு நகரவில்லை, நாம் மட்டும் ராஜ்யம் மாறுகிறோம். சந்தைக்குப் போனால் சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கவலை. திருவனந்தபுரத்துக்கு எழுதிப்போட்ட மனுக்கள் எல்லாம் இனி யார் கைக்குப் போகும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லுகிறார்கள்.

இதில் எனக்கு ஒரு தனி வெட்கம் உண்டு. நீ பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கமாட்டேன் என்று அழுததும், நான் அகப்பைக் காம்பால் அடித்ததும் உனக்கு மறந்திருக்காது. சர்க்கார் உத்தியோகம் வேண்டுமானால் மலையாளம் வேண்டும், திருவனந்தபுரத்தில் போய் ஊமைபோல் நிற்பாயா என்று கேட்டேன். நீயும் ஆறு வருஷம் படித்தாய். படித்து முடித்த சூட்டோடு பட்டாளத்துக்கு ஓடினாய். அங்கே போனால் இந்தி. இந்தியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதச் சொல்லிப் பரீட்சை வைக்கிறார்கள் என்று நீ எழுதியபோது நான் நம்பவே இல்லை. இப்போது இங்கே தமிழ் ராஜ்யம் வருகிறது. நான் உனக்காகப் பார்த்துப் பார்த்து வைத்த ஏற்பாடு ஒவ்வொன்றும் இப்படித்தான் ஆகியிருக்கிறது. அந்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்டு என்ன பயன், தழும்புகூட மறைந்திருக்கும். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

ஆனால் அது பெரிய தப்பு அல்ல. பெரிய தப்பைச் சொல்வதற்கு முன்னால், நான் ஊருக்குக் கடிதம் வாசிக்கிறவளாக எப்படி இருந்தேன் என்று சொல்ல வேண்டும். நீ அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான். ஆனாலும் நான் செய்ததை நீ பார்த்திருக்கமாட்டாய். மிஷன் போர்டிங்கில் ஏழாம் கிளாஸ் வரை படித்தவள், கோணாமல் எழுதுவாள் என்று சொல்லி, லேஸ் வேலையும் கையுமாக இருந்த என்னிடம் ஒவ்வொருத்தியாக வந்தாள்கள். புருஷன் எழுதியது, மகன் எழுதியது, எல்லாம் என் மடிக்கு வரும். நான் வாசிக்கக் கேட்டு அழுவாள்கள், சிரிப்பாள்கள். "எக்கா, நீங்க வாசிச்சாதான் கடுதாசிக்கே உசிரு வருது" என்பாள்கள். அந்தப் பேச்சில் எனக்குத் தலை கனத்துவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? சுடுகிற வரியை விட்டுவிடுவேன். மாமியாரைப் பற்றிக் குறை எழுதியிருந்தால், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, எப்படி வாசிப்பது? விட்டுவிடுவேன். காய்ச்சலில் பத்து நாள் கிடந்தேன் என்று எழுதியிருந்தால், லேசாக உடம்பு சரியில்லாமல் இருந்து தேறிவிட்டது என்று வாசிப்பேன். எழுதிக் கொடுக்கும்போதும் அப்படித்தான். அவள் திட்டச் சொன்னதைப் பாதியாகக் குறைத்து எழுதுவேன். எத்தனை வீட்டுச் சண்டையை இப்படித் தீர்த்திருக்கிறேன் என்று மனதுக்குள் ஒரு பெருமை. கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

நம்முடைய கிழக்கு வீட்டு ராக்கேலை எடுத்துக்கொள். அவள் புருஷன் சாமுவேலும் உன்னைப்போல் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன்தானே. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கூட்டாளி ஒருவன் தமிழில் ஒரு கடிதம் எழுதினான். மலைப்பாதையில் வண்டி சரிந்துவிட்டது, சாமுவேல் உயிர் பிழைத்துவிட்டான், ஆனால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று. ராக்கேலுக்கு அப்போது எட்டாம் மாதம். நான் எப்படி வாசிப்பேன்? காலில் நல்ல அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பயப்பட ஒன்றுமில்லை என்று வாசித்தேன். அவளும் நம்பிக்கொண்டு இருந்தாள். பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்து சாமுவேல் ஊருக்கு வந்தான். கொட்டாரம் முக்கில் பஸ்ஸை விட்டு அவன் இறங்குவதை ராக்கேல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தாள். கக்கத்தில் கட்டை, ஒரு பக்கம் காற்சட்டையை மடித்து ஊசி குத்தியிருந்தது. அவள் அழவில்லை. அவன் திண்டாடாமல் பார்த்துக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு, நேரே என்னிடம் வந்தாள். "எக்கா, நீங்க வாசிச்சதுல கால் இருந்துதே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு கடிதமும் கொண்டுவந்ததில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். சாமுவேலின் காலைப் பற்றிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதே வாரம் சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. யூனிட்டில் உன்னை ஒரு கோர்ஸுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், வண்டி ஓட்டவும் எஞ்சின் பார்க்கவும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளாக ஆக்குகிற கோர்ஸ், பாஸானால் மூன்று பட்டை போட்ட ஹவில்தார் வரைக்கும் ஏறலாம், ஆனால் கூடுதலாகச் சில வருஷம் இருப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும், அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள் என்று எழுதியிருந்தாய். உப்பளத்தில் இருபது வருஷமாக வெள்ளை உப்பையும் வெயிலையும் பார்த்துப் பார்த்து அப்பாவின் கண்ணுக்கு அப்போதே எழுத்துத் தெரியாமல் போயிருந்தது. நான்தான் வாசித்தேன். அதை மட்டும் முழுசாக, ஒரு வரி விடாமல் வாசித்தேன். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? முகமெல்லாம் மலர்ந்துபோய், "போகச் சொல்லு ஏட்டி. இந்த உப்புல கெடந்து நான் என்னத்தக் கண்டேன்? நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்குத சோலி எல்லாருக்கும் கிட்டுமா? அப்பன் சந்தோசமாச் சொன்னான்னு எழுது" என்றார். சொல்லிவிட்டு அளத்துக்குப் போகிற வழியெல்லாம் எதிரில் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

நான் பேனாவை எடுத்தேன். என் கண் முன்னால் சாமுவேலின் கால் நின்றது. கூடுதலாகச் சில வருஷம், கூடுதலாகச் சில மலைப்பாதை என்றுதான் எனக்குத் தோன்றியது. கோர்ஸுக்குப் போனால் நீ லாரியை விட்டுவிட்டுக் கரும்பலகைப் பக்கம் போவாய், ஆபத்து குறையும் என்கிற புத்திகூட எனக்கு அப்போது வரவில்லை பார். பயந்தவள் எதைத்தான் யோசிப்பாள்! அப்பாவுக்கு இதில் சம்மதம் இல்லை, ஏழு வருஷம் முடிந்ததும் நீ வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம், அவர் மனதை நோகடிக்காதே என்று எழுதினேன். என் கையால் எழுதினேன். உறையை ஒட்டி நானே தபால் பெட்டியில் போட்டேன். நீயும் நல்ல பிள்ளையாகக் கோர்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பா சொன்னபடியே செய்தேன் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை அப்பாவுக்கு எப்படி வாசிக்க? அவன் போகவில்லையாம், அவனுக்கு இஷ்டமில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே கண்ணால் பார்த்தாய். போன வருஷம் லீவில் வந்து அறுபது நாள் இருந்தாய். அப்பா உன்னோடு அறுபது வார்த்தை பேசியிருப்பாரா? நீ எழுந்திருக்கும் முன்னால் அளத்துக்குப் போய்விடுவார். மழைக்காலம், அளத்தில் ஒரு வேலையும் கிடையாது. அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். நீ அவருடைய பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டி எண்ணெய் போட்டு வைத்தாய். அவர் அதைத் தொடாமல் நடந்தே போனார். நீ புறப்பட்ட அன்று திருநெல்வேலிப் பஸ்ஸுக்கு நான் மட்டும்தான் வந்தேன். "அப்பாவுக்கு எம்மேல என்னம்மா கோவம்? அவங்க சொன்னதத்தானே கேட்டேன்" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "கண்ணு தெரியாம ஆயிட்டுல்லா மக்கா, அந்தக் கோவம். உம்மேல இல்ல" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டாய். சொல்லியிருக்கலாம் மக்கா. அந்த முக்கில் வைத்தே சொல்லியிருந்தால் நீ திரும்பி வந்து அப்பாவிடம் பேசியிருப்பாய். பஸ் வருவதற்குள் சொல்லி முடியாதே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்படியே போயிருக்கும். உன் வியாழக்கிழமைக் கடிதம்தான் விடவில்லை. அதில் நான்கு வரி எழுதியிருக்கிறாய். போன தடவை அப்பா தடுத்ததால் கோர்ஸை விட்டேன், எனக்குப் பின்னால் வந்தவன் அதற்குப் போய்விட்டு வந்து இப்போது எனக்கு உத்தரவு போடுகிறான், அதில்கூட எனக்கு வருத்தமில்லை, சொல்லைக் கேட்டு நடந்த பிறகும் அப்பா ஏன் என்னோடு பேசவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் அந்த நான்கு வரியை விட்டுவிட்டு, கையெழுத்துப் போடவா, வரவா, அப்பா சொல்கிறபடி செய்கிறேன் என்கிற இடத்துக்குத் தாவினேன். பழக்கம் அப்படி. நாக்கு தானாகத் தாண்டியது. அப்பா சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "என்னத்துக்கு எங்கிட்ட கேக்கான்? மின்ன ஒருக்கா போன்னு சொன்னேன், கேட்டானா? எனக்க சொல்லுக்கு அவன்கிட்ட என்ன வெல இருக்கு? அவன் இஷ்டம்போலச் செய்யட்டு" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அது கண் நோவால் வருகிற தண்ணீர் இல்லை என்று முப்பது வருஷம் கூட இருக்கிற எனக்குத் தெரியாதா? அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. இரண்டு வருஷமாக அங்கே நீ அப்பா தடுத்தார் என்று நினைக்கிறாய். இங்கே அவர் நீ மதிக்கவில்லை என்று நினைக்கிறார். நடுவில் நான் நல்லவள் மாதிரி லேஸ் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் நான் உனக்கு வழி சொல்ல வேண்டுமாம். இருந்தாலும் விட்டேனா? வெள்ளிக்கிழமை கொட்டாரம் முக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஹவில்தாரிடம் போனேன். பதினைந்து வருஷம் இருந்து பென்ஷனோடு வந்தவர், மீசையை இன்னும் பட்டாளத்து அளவிலேயே வெட்டுகிறவர், உனக்குத் தெரியும். அவர் ஒரே போடாகப் போட்டார். "ஏழு வருசத்துல வந்து என்ன செய்யப்போறான்? டிஸ்சார்ஜ் புஸ்தகத்தக் கக்கத்துல வச்சுட்டு ஆபீஸ் ஆபீஸா அலையப்போறானா? இருக்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. கையெழுத்துப் போடுகதுக்கு மின்னால அந்தக் கோர்ஸக் கேக்கச் சொல்லுங்க. போட்ட பொறவு கேட்டா எவன் தருவான்?" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இருக்கச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். வழியில் சாமுவேல் கட்டையை ஊன்றிக்கொண்டு எதிரே வந்தான். அவனிடமும் கேட்டுத் தொலைத்தேன். "பென்ஷன் கிட்டும் அக்கா, இல்லைன்னு சொல்லல்ல. எனக்கும்தான் கிட்டுது. வந்து எறங்குன அன்னைக்கு எனக்க மூத்த மவன் என்னக் கண்டு அழுதான். அம்மைக்க பொறத்தால ஓடி ஒளிஞ்சான். அதுக்கு எங்க போயி மனு எழுத?" என்றான். அதுவும் நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் முடிவு எங்கேயோ விழுந்துபோயிருந்தது. யார் பேசினாலும் அவர்கள் சொல்வது சரியாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் யோசனை சொன்ன வாய்தான் இது.

தெரிந்த மட்டும் சொல்கிறேன். இது நான் பலபேர் கடிதத்தில் இருந்து பொறுக்கியது, இதில் என் பயம் கலக்கவில்லை. வருவதாக இருந்தால் பட்டாளத்து லைசென்ஸை மட்டும் நம்பி வராதே. வெளியில் ஓட்டுகிற லைசென்ஸுக்கு என்ன எழுத்து, சர்ட்டிபிகேட் வேண்டுமோ அதை அங்கே இருக்கும்போதே மேலே உள்ளவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள். இங்கே வந்தபிறகு அந்த எழுத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தவர்கள் கதையை நான் வாசித்திருக்கிறேன். உன் டிஸ்சார்ஜ் புஸ்தகத்தில் நடத்தை என்கிற இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்த பிறகே ரயில் ஏறு. இருப்பதாக இருந்தால் அந்த இந்திப் பரீட்சையில் மிச்சம் வைத்திருப்பதை முடித்துவிடு. சோம்பேறித்தனம் பண்ணாதே. நீ பரீட்சையைத் தள்ளிப்போடுகிறவன் என்று எனக்குத் தெரியும். ராஜ்யம் என்கிற கட்டத்தில் மட்டும் என்ன எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹவில்தார் சென்னை என்கிறார். சாமுவேல் இப்போதைக்குப் பழையபடி எழுதினால்தான் அவர்களுக்குப் புரியும் என்கிறான். பென்சிலால் எழுதலாமா என்று அங்கே கேட்டுப் பார்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். எழுதியதை ஒட்டி அனுப்பிவிட்டு, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று மனது சொன்னது. உனக்குத் தெரிந்தால் போதாதா, வயதான காலத்தில் அவரை எதற்குக் கலக்குவது என்று அது நயமாகத்தான் பேசியது. ராக்கேல் அப்போது வேலிப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நேரே உள்ளே போய், "இஞ்ச பாருங்க, ஒரு கடுதாசி வாசிக்கணும். நான் எழுதினது. நடுவுல எந்திரிச்சுப் போகப்பிடாது" என்று சொல்லிவிட்டு, இந்தக் காகிதத்தை முதல் வரியில் இருந்து வாசித்தேன். எழுதிய எதையும் விடவில்லை. கழுதை என்று எழுதியதைக்கூட விடவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்தில் இருந்து மறுபடி வாசித்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று இருந்தேன், கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் இருந்தேன். அவர், "அப்ப அவன் எனக்க சொல்லக் கேட்டிருக்கான்" என்றார். அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னார். பிறகு, "அந்தச் சைக்கிள எடுத்துத் தொடச்சு வையி" என்றார். பிறகு, "எழுது. நான் சொல்லுகத எழுது" என்றார்.

இனி வருவது அவர் சொன்னது. அவர் வாயில் இருந்து வந்தபடியே எழுதியிருக்கிறேன்.

"ஏலே மக்கா, அப்பன் பேசுகேன். நான் போன்னுதான் சொன்னேன். நீ என்ன மதிக்கல்லன்னு நெனச்சுட்டேன். ரெண்டு மாசம் எனக்க வீட்டுல வந்து இருந்த பிள்ளைக்க மொகத்தப் பாக்காம அளத்துல போய் இருந்தேன். அப்பக் கொஞ்சம் கண்ணு தெரிஞ்சுது. இப்ப ஒரு கண்ணு போச்சு, மத்ததுல கத்தி வச்சுப் பாக்கலாம்னு டாக்டர் சொல்லுகாரு. நீ வரவா இருக்கவான்னு கேக்க. எனக்குக் கேட்டா நீ வரணும். இன்னைக்கே வரணும். ஆனா அது எனக்க ஆசை, அதுக்காக நீ ஒண்ணும் செய்யாண்டாம். கோர்ஸக் கேளு. தாறோம்னா கையெழுத்துப் போடு. தரல்லைன்னா வா. எதானாலும் மொதல்ல லீவு கேட்டு வந்து, எனக்க முன்னால நின்னு, வாயால சொல்லு. கடுதாசி போடாத. நான் என்ன சொல்லுகேன்னு நீயும் எனக்க வாயால கேட்டுட்டுப் போ."

எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். ஆனால் காகிதத்தை என்னிடம் இருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சைக்கிள் கடை ஹவில்தாரக் கூட்டிட்டு வா" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போய்க் கூட்டிவந்தேன். என் வீட்டில், என் எதிரில், நான் எழுதியதை வேறொருவர் வாசிக்கக் கேட்டுச் சரிபார்த்தார் உன் அப்பா. ஹவில்தார் பரேடில் நிற்கிற மாதிரி சத்தம் போட்டு வாசித்தார். ராக்கேல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருப்பாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது மக்கா. ஆனால் அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாசித்து முடித்ததும் அப்பா, "சரி, மாறல்ல" என்றார். விரலால் தடவி இடம் பார்த்துக் கீழே அவரே கையெழுத்துப் போட்டார். வரி கோணிவிட்டது, பொறுத்துக்கொள்.

அவர் சொன்னதற்குக் கீழே உள்ளதெல்லாம் காகிதத்தைத் திரும்ப வாங்கி நான் எழுதுகிறது. இதையும் ஒட்டுவதற்கு முன்னால் ஹவில்தார் வாசித்துக் காட்டுவார். அதனால் அதிகம் எழுதவில்லை. நீ இருந்தால் நல்லதா, வந்தால் நல்லதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. லீவில் வா. நான் பஸ் முக்குக்கு வரமாட்டேன், அப்பா வருகிறார். உறையில் விலாசம் எழுதியாயிற்று. ஒட்டுவதற்கு அப்பா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கொடுக்கப் போகிறேன்.